காலையில் 48, மத்தியானம் 64: ஒரு வொர்க்ஸ்டேஷனின் றாம் பழுது பார்த்த கதை

திருகோணமலை உவர்மலையில் நில அளவை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு அண்ணன், ட்ரோன் படங்களை ஒன்றாக ஒட்டி வரைபடம் செய்வதற்கென்றே பாவித்த வொர்க்ஸ்டேஷன் ஒன்று வாங்கியிருந்தார். ப்ரொசஸர் இன்டெல் ஸியோன் இ5-1650 வி4, ஆறு கோர். ப்ரொசஸருக்கும் றாமுக்கும் இடையே தரவு ஓடும் பாதைகளான நான்கு மெமரி சானலிலும் சானலுக்கு ஒன்றாக 16 ஜிபி டிடிஆர்4 இசிசி (பிழை திருத்தும்) கார்ட்கள், மொத்தம் 64 ஜிபி. தம்பலகாமத்து வயல்வெளியை ஒரு காலையில் பறந்து எடுத்தால் படங்கள் ஆயிரத்தைத் தாண்டும். அவற்றை ஒட்டும் மென்பொருள் எவ்வளவு றாம் கொடுத்தாலும் தின்றுவிடும். ஆகவே அந்த 64 ஆடம்பரம் இல்லை.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் அழைத்தார்.

“தம்பி, காலையில போட்டா 48 ஜிபி காட்டுது. மத்தியானம் போட்டா 64 காட்டுது. இடைக்கிடை நீலத் திரையும் வருது. விண்டோஸ் புதுசா அடிச்சும் பாத்தாச்சு. றாமா, வேற ஏதுமா?”

போய்ப் பார்ப்பதற்கு முன்பே இதை இரண்டு முறைப்பாடாகப் பிரித்துக்கொண்டேன். நான்கு 16 உள்ள பெட்டியில் 48 என்றால், சரியாக ஒரு கார்ட் பூட் ஆகும்போதே கைவிடப்பட்டிருக்கிறது. டிடிஆர்4 இல் பவர் போடும்போது, பெட்டி எழும்ப முதலில் ஓடும் பயோஸ் மென்பொருள் ஒவ்வொரு சானலின் கம்பிகளுக்கும் நேரத்தையும் மின்னழுத்த எல்லையையும் சரிபார்த்து அமைக்கும். அதற்கு மெமரி ட்ரெய்னிங் என்று பெயர். அதில் ஒரு கார்ட் தேறாவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தோடு பெட்டி எழும்பும். இது பெரும்பாலும் தொடுப்புப் பிரச்சினை. நீலத் திரை அப்படி இல்லை. விசாரித்தால், 64 உம் சரியாகக் காட்டிய நாட்களில், சில மணிநேரம் வேலை ஓடிய பிறகுதான் அது வருகிறதாம். இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒன்றுதான் என்று நினைத்துத் தொடங்கினால் முதலாவது பழுது பிடிபட்டதும் பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

போனதும் முதலில் திறந்தது, விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவர். மென்பொருள் பழுது என்று சொல்லி விண்டோஸ் அடிக்கிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. டபிள்யூஎச்இஏ-லொகர் என்ற பெயரில், நிகழ்வு எண் 47, வரிசையாக இருந்தது. ‘திருத்தப்பட்ட வன்பொருள் பிழை, பகுதி: மெமரி’ என்பதுதான் அதன் சாரம். நீலத் திரையில் வந்ததும் அதே குடும்பம், ‘அன்கரெக்டபிள் எரர்’ வகை.

இந்த இரண்டுக்கும் உள்ள உறவுதான் இசிசியின் கதை. சாதாரண றாம் 64 பிட் தரவை 64 பிட்டாகவே வைத்திருக்கும். இசிசி கார்ட் அதோடு இன்னும் 8 பிட் சேர்த்து 72 ஆக வைத்திருக்கும். படிக்கும்போது அந்த 72 இல் ஒரு பிட் புரண்டிருந்தால் எது என்று கண்டுபிடித்துத் திருத்திவிடும். இரண்டு பிட் புரண்டிருந்தால் பிழை என்பது மட்டும் தெரியும், திருத்த முடியாது. அந்த இடத்தில் பிழையான தரவோடு தொடர்வதை விட நிற்பதே மேல் என்று பெட்டியே விழும். ஆக, 47கள் வரிசையாக வந்து கொண்டிருந்த ஒரு கார்டில், ஒரு நாள் அந்த 72 பிட் கொண்ட ஒரே சொல்லில் இரண்டு பிட் புரண்டு நீலத் திரை வந்திருக்கிறது. பெட்டி பல வாரமாகச் சொல்லிக் கொண்டுதான் இருந்தது, யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அன்றிரவு மெம்டெஸ்ட்86+ என்ற றாம் சோதனை மென்பொருளை பென் ட்ரைவில் இருந்து ஓட விட்டேன். விடியும் வரைக்கும் ஒரு பிழையும் இல்லை. இது எதிர்பார்த்ததுதான். றாமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் ப்ரொசஸருக்குள் இருக்கிறது. திருத்தம் அங்கேயே நடந்துவிடும். சோதனை செய்யும் மென்பொருளின் கைக்கு வருவது திருத்திய தரவுதான். எழுதியதும் வாசித்ததும் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த மாதிரிப் பெட்டியில் மெம்டெஸ்ட் பாஸ் என்பதற்கு, திருத்த முடியாத அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. ‘மெம்டெஸ்ட் போட்டம், றாம் நல்லம்’ என்று எழுதிக் கொடுத்த பில்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாதாரண மேசைக் கணினியில் அதே மெம்டெஸ்ட் தங்கம். அங்கே பிழை என்று சிவப்பில் வந்தால், எத்தனை வந்தது என்பதை விட எந்த பிட், எந்த முகவரி என்பதைப் பார்க்க வேண்டும். முகவரி எங்கெங்கோ சிதறியிருந்து, புரளும் பிட் மட்டும் எப்போதும் ஒன்றேயாக இருந்தால் ஒரு தரவுக் கம்பியில் குறை. கார்டின் பல்லிலோ ஸ்லொட்டிலோ அழுக்கு இருக்கலாம். முகவரிகள் எல்லாம் ஒரு சின்ன இடத்துக்குள் அடங்கினால் அந்தச் சிப்பில் சில செல்களோ ஒரு வரிசையோ போய்விட்டது, எவ்வளவு துடைத்தாலும் பயன் இல்லை. பிழைக்கும் பிழைக்கும் இடையே உள்ள தூரம் இரண்டின் அடுக்காகவே வந்தால் முகவரிக் கம்பியைச் சந்தேகிக்கலாம். எட்டு பிட் சிப்கள் உள்ள கார்டில், பிட் எண்ணை எட்டால் வகுத்தால் எந்த பைட் தடம், அதாவது எந்தச் சிப் என்பதையும் ஊகிக்கலாம்.

சரி, உவர்மலைக்கு வருவோம். பென் ட்ரைவில் லினக்ஸ் போட்டு எழுப்பினேன். லினக்ஸின் மையமான கெர்னலில் ஈடாக் என்றொரு பகுதி உண்டு. ப்ரொசஸரின் மெமரி கன்ட்ரோலர் வைத்திருக்கும் பிழைக் கணக்கை சானல் வாரியாக, கார்ட் வாரியாக எடுத்துத் தரும். திருத்தியவை ஒரு எண், திருத்த முடியாதவை இன்னொரு எண். இந்தத் தலைமுறை ஸியோனுக்கு எஸ்பி-ஈடாக் என்ற டிரைவர் தானாகவே ஏறிவிடுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஈடாக் சானல்களை 0, 1, 2, 3 என்று எண்ணும். மதர்போட்டில் அச்சிட்டிருப்பது 1 இல் இருந்து 8 வரை, அதுவும் வரிசை மாறி. சானல் 2 என்றால் போட்டில் எந்த ஸ்லொட் என்று ஊகித்து, நல்ல கார்டைக் கழற்றித் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. டிஎம்ஐடிகோட் கட்டளை ஒவ்வொரு ஸ்லொட்டின் பெயரையும் அதில் உள்ள கார்டின் தொடர் எண்ணையும் காட்டும். அந்தத் தொடர் எண்களை ஒட்டுத்தாளில் எழுதி ஒவ்வொரு கார்டிலும் ஒட்டினேன். பிறகு ஒன்றைக் கழற்றி, ஈடாக்கில் எந்த சானல் மறைகிறது என்று பார்த்தேன். ஒவ்வொன்றாக அப்படிச் செய்து முடித்தால் ஒரு சின்ன அட்டவணை கையில் இருக்கும். அதன் பிறகு குழப்பமே இல்லை.

சும்மா இருக்கும் பெட்டியில் எண் மெதுவாகத்தான் ஏறும். ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் என்று கூகிள் திறந்த மூலமாக விட்ட ஒரு கருவி இருக்கிறது. எல்லாக் கோர்களையும் வைத்து மெமரியில் தரவை அங்கும் இங்கும் கடுமையாக நகர்த்தும், கார்ட்கள் சூடாகும். அதை ஓட விட்டதும் சானல் 2 இன் திருத்திய எண் ஏறத் தொடங்கியது. மற்றவற்றில் பூச்சியம். கெர்னல் செய்தியில் பிழைக் குறி 0092. இன்டெலின் குறியீட்டில் 009 என்பது மெமரி வாசிப்புப் பிழை, கடைசி இலக்கம் சானல். ஒவ்வொரு செய்தியிலும் அதே ராங்க் (கார்டில் ஒன்றாக இயங்கும் சிப் கூட்டம்), முகவரியைச் சொல்லும் பக்க எண்களும் ஒன்றுக்கொன்று அருகே. ஒரு ராங்கின் ஒரு மூலையில் நிரந்தரமாக ஏதோ செத்துவிட்டது என்றுதான் இது சொல்கிறது.

‘விண்வெளியில் இருந்து கதிர் வந்து பிட் புரளும்’ என்று இணையத்தில் படித்த அலுவலகப் பெடியன் கேட்டான். நடக்கும்தான். ஆனால் கதிர் ஒரே இடத்தை ஒவ்வொரு மணித்தியாலமும் தேடி வராது. கூகிள் தன் சேவையகங்களை வைத்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட கார்ட்கள் திருத்திய பிழையைக் காட்டியிருக்கின்றன. தற்செயலாகப் புரண்டவற்றை விட நிரந்தரப் பழுதே அதிகம் என்பதும் அதில் வந்த முடிவுதான்.

இவ்வளவும் சந்தேகம். தீர்ப்புக்கு ஒரே வழி இடம் மாற்றிப் பார்ப்பது. சானல் 2 இல் இருந்த கார்டை சானல் 0 இல் போட்டு, 0 இல் இருந்ததை 2 இல் போட்டேன். இரண்டை மட்டும்தான். எல்லாவற்றையும் கழற்றி ஊதித் துடைத்துத் திரும்பப் போட்டால் பழுது போய்விடலாம், ஆனால் என்ன பழுது என்பதும் கூடவே போய்விடும். மறுபடி சோதனையை ஓட விட்டேன். இப்போது குறி 0090. பிழை கார்டோடு போய்விட்டது. ஸ்லொட்டிலேயே தங்கியிருந்தால் போட்டையோ ப்ரொசஸரையோ பார்த்திருக்க வேண்டும். முதலாவது பழுது அந்த ஒரு கார்ட்.

அந்தப் புதிய ஒழுங்கிலேயே ஒரு இரவு அணைத்து விட்டுவிட்டு, காலையில் போய்ப் போட்டால் மறுபடி 48. காணாமல் போனது பிழை கொடுத்த கார்ட் இல்லை. சானல் 1 இன் ஸ்லொட்டில் இருந்த, கணக்கில் பூச்சியம் காட்டிய நல்ல கார்ட். அதை 3 உடன் மாற்றிப் போட்டேன். அடுத்த காலையும் மறைந்தது சானல் 1 இன் ஸ்லொட்டில் உள்ளதுதான். இங்கே பழுது ஸ்லொட்டோடு நிற்கிறது.

ஸ்லொட்டோடு நிற்கிறது என்றால் மூன்று சாத்தியம்: ஸ்லொட்டின் தொடுப்பு, போட்டின் தடம், ப்ரொசஸர் சொக்கெட். இந்த சொக்கெட்டில் 2011 ஊசிகள். ஒரு ஊசி வளைந்தாலும், ஹீட்சிங்கின் திருகு ஒரு பக்கம் அதிகம் இறுகினாலும் ஒரு சானல் முழுதாகப் போய்விடும். ஆனால் ப்ரொசஸரைக் கிளப்புவது கடைசி வேலை. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் புதிதாக ஒரு ஊசியை வளைக்க வாய்ப்புக் கொடுக்கிறோம். செலவும் ஆபத்தும் குறைந்தது ஸ்லொட்டைப் பார்ப்பது.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் உப்புக் காற்று என்றார்கள். திருகோணமலையில் எது பழுதானாலும் முதல் குற்றவாளி உப்புக் காற்றுதான். எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வரும் ஊரில் அது நியாயமான சந்தேகமும் கூட. ஆனால் உப்புக் காற்றுக்கு ஒரு ஸ்லொட்டில் மட்டும் கோபம் வராது. எட்டு ஸ்லொட்டும் ஒரே பெட்டிக்குள் ஒரே காற்றைத்தான் குடிக்கின்றன. பெட்டியின் வெளித் திருகுகளில் துரு இருந்தது உண்மை. உள்ளே ஏழு ஸ்லொட்டும் மினுங்கின.

கைவிளக்கை ஒரு பக்கமாகப் பிடித்து, போன் கமராவைக் கிட்டக் கொண்டு போய் எட்டாவதைப் படம் எடுத்துப் பெருப்பித்தேன். நடுப்பகுதியில் சில தொடுப்புகள் பச்சை பிடித்திருந்தன. மேலே வெள்ளையும் கறுப்புமாக ஒரு காய்ந்த துளி. பல்லி எச்சம்.

பெட்டி சூடாகிறது என்று பக்க மூடியைக் கழற்றி, மேசை விசிறியை உள்ளே திருப்பி வைத்திருந்தார்கள். சூடான இடம், வெளிச்சத்துக்கு வரும் பூச்சி, மூடி இல்லாத வாசல்: பல்லிக்கு வேறு என்ன வேண்டும்? எச்சம் காய்ந்திருக்கும் வரைக்கும் பெரிய தொல்லை தராது. ஈரம் பட்டால் அது மின்னைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். கச்சான் அடித்த மாதங்களில் பெட்டி ஒழுங்காக ஓடியதும், வாடை தொடங்கி மழை வந்ததும் காலையில் மட்டும் கார்ட் மறைந்ததும், மத்தியானம் அறை காய்ந்து பெட்டியும் சூடான பிறகு சரியாகியதும் எல்லாம் இப்போது ஒரே கோட்டில் வந்தன.

துப்புரவு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை அழுத்தி மிச்சக் கரண்டை வடித்து, போட்டில் உள்ள சின்ன விளக்கு அணைந்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்லொட்டுக்கு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் அல்ககோல், மென்மையான தூரிகை. போன் திருத்தும் கடைகளில் கிடைக்கும். பார்மசியில் வாங்கும் ஸ்பிரிட்டில் தண்ணீரும் மற்றவையும் கலந்திருக்கும், இதற்கு வேண்டாம். முதலில் எச்சத்தை ஊற வைத்து, தூரிகையைத் தொடுப்பின் நீளத்துக்கு மேலிருந்து கீழாக மட்டும் இழுத்தேன். குறுக்கே இழுத்தால் ஸ்பிரிங் போல இருக்கும் அந்தச் சின்னத் தகடுகள் வளையும். கை ஊதியால் ஊதி, மறுபடி அல்ககோல், மறுபடி ஊதல். வாயால் ஊதினால் எச்சத்துக்குப் பதில் எச்சில்.

கார்டின் பல்லை அழிறப்பரால் தேய்ப்பது எங்கள் ஊர்க் கடைகளின் தேசிய வழக்கம். அதில் கொஞ்சம் பலன் இருப்பதும் உண்மைதான். எனக்கு உடன்பாடு இல்லை. தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் போகும். அழிறப்பர்த் தூள் ஸ்லொட்டுக்குள் இறங்கினால் இன்னொரு பழுது. பஞ்சு உதிராத துணியில் அல்ககோல் தொட்டுத் துடைத்தால் போதும். திரும்பப் போடும்போது டிடிஆர்4 கார்டின் அடி விளிம்பு சற்று வளைவாக இருப்பதைக் கவனித்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் கிளிக் கேட்டதும் விட்டுவிடுவது 48 காட்டுவதற்கு இன்னொரு காரணம்.

இதைச் சோதிக்க வேண்டிய நேரம் காலை, அதுவும் முழுக்க ஆறிய பெட்டியில். மத்தியானம் போட்டுப் பார்த்து ‘சரி வந்துட்டுது’ என்று சொன்னால் எந்தப் பெறுமதியும் இல்லை, மத்தியானம் அது எப்போதும் சரியாகத்தான் இருந்தது. ஆகவே அலுவலகத்தைத் திறக்கும் தங்கச்சியிடம், வேறு எதையும் தொட முதல் பயோஸின் மெமரித் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மழை விடாமல் பெய்த வாரத்திலும் ஒவ்வொரு படத்திலும் நான்கு ஸ்லொட்டும் நிரம்பியிருந்தன.

இறந்த கார்டுக்குப் பதில் வாங்குவது தனிக் கதை. ‘இசிசி 16 ஜிபி’ என்று மட்டும் கேட்டால் எதுவும் வரும். கார்டின் ஒட்டியில் உள்ள எழுத்தைத்தான் படிக்க வேண்டும். எங்களுடையதில் 2ஆர்எக்ஸ்4, பிசி4-2400டி-ஆர் என்று இருந்தது. இரண்டு ராங்க், நான்கு பிட் சிப்கள், 2400 வேகம். அந்த ‘ஆர்’ ரெஜிஸ்டர்ட் வகை, கட்டளைகளை இடையில் வாங்கிக் கொடுக்கும் ரெஜிஸ்டர் சிப் கார்டிலேயே உள்ளது. அந்த இடத்தில் ‘இ’ இருந்தால் அதுவும் இசிசிதான், ஆனால் ரெஜிஸ்டர் இல்லாதது. ‘எல்’ இருந்தால் வேறொரு வகை. மூன்றையும் ஒரே போட்டில் கலக்க முடியாது. கொழும்பில் ஒரு கடை முதலில் ‘இ’ வகையைத்தான் எடுத்து வைத்தது. ஒட்டியின் படத்தை முதலில் அனுப்பச் சொன்னதால் தப்பித்தோம். சரியான கார்ட் பஸ்ஸில் பார்சலாக வந்தது.

அது வரும்வரை கெட்ட கார்டைக் கழற்றிவிட்டு 48 இலேயே வேலை நடந்தது. கெட்ட முகவரிகளை மட்டும் ஒதுக்கி வைக்க விண்டோஸிலும் லினக்ஸிலும் வழி இருக்கிறது. 2022 இல் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்ற காலத்தில், றாம் மதர்போட்டோடு ஒட்டி வந்த ஒரு மடிக்கணினியை அப்படித்தான் ஓட வைத்தேன். கழற்றவே முடியாத இடத்தில் அது நல்ல தந்திரம். கழற்ற முடிந்த இடத்தில், அதுவும் எண் ஏறிக்கொண்டே போகும் கார்டில், ஒதுக்கிய இடத்துக்குப் பக்கத்து இடம் நாளைக்குச் சாகாது என்று யார் உறுதி தருவது?

வந்த கார்டும் பாவித்ததுதான், ஆகவே அதற்கும் அதே சோதனை. ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் ஓடி முடிந்த பிறகும் லினக்ஸை ஒரு முழு நாள் சும்மா விட்டேன். இந்த வகைப் பெட்டிகளில் பேட்ரோல் ஸ்க்ரப் என்று ஒன்று நடக்கும். யாரும் கேட்காமலே கன்ட்ரோலர் மெமரி முழுவதையும் மெதுவாகப் படித்துப் பார்த்துத் திருத்திக் கொண்டு போகும். ஒரு சுற்றுக்கு வழக்கமாக ஒரு நாள். எல்லாச் சானலிலும் பூச்சியம். கார்ட்களிலேயே வெப்பமானி இருக்கிறது. மூடியைப் பூட்டி, மேசை விசிறி இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது வெப்பம் குறைந்தது. அந்த மூடியின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வழிதான் காற்றைக் கார்ட்களின் மேலால் கொண்டு போகிறது. அதைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டியைக் ‘குளிராக்கி’யிருக்கிறார்கள். பின்பக்கத் துளைகளுக்கு மெல்லிய வலையும் அடித்தாயிற்று.

அண்ணன் கடைசியில் கேட்ட கேள்விதான் முக்கியமானது.

“அப்ப நான் இவ்வளவு நாளும் செய்து குடுத்த வரைபடமெல்லாம்? எல்லைக் கோடு ஏதும் பிசகியிருக்குமா?”

மெமரியால் பிசகியிருக்காது என்று சொன்னேன். திருத்திய பிழை திருத்தியதுதான், கணக்குக்குள் போன எண் சரியான எண். திருத்த முடியாதது வந்தபோது பெட்டி விழுந்தது, அந்த வேலை அரைவாசியில் நின்றது, மறுபடி செய்தார்கள். ஒரே சொல்லில் மூன்று பிட் சேர்ந்து புரண்டு கண்ணில் படாமல் தப்புவது கொள்கையளவில் முடியும். ஆனால் இந்தக் கார்ட் ஆயிரக்கணக்கான தடவை ஒற்றை பிட்டோடுதான் நின்றிருக்கிறது. இதே கார்ட் இசிசி இல்லாத பெட்டியில் இருந்திருந்தால் என் பதில் வேறு. அங்கே பிட் புரண்டது யாருக்கும் தெரியாது. ஒரு ஆள்கூற்றின் நடு இலக்கம் மாறி, கோப்பில் பதிந்து, அச்சடித்து, முத்திரை குத்திப் போயிருக்கும்.

“அப்ப இந்த எட்டு பிட்டுக்குத்தான் கூடக் காசு குடுத்தனா?” என்றார். ஓம் என்றேன்.

கிளம்ப முதல் ஒரு சின்ன வேலை. விண்டோஸில் நிகழ்வு 47 பதிவானால் உடனே திரையில் ஒரு செய்தி வரும்படி டாஸ்க் ஷெட்யூலரில் அமைத்தேன். தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: எப்போதாவது ஒன்று வந்தால் திகதியைக் குறித்து வை. ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தால் வேலையைச் சேமித்துவிட்டு எனக்கு அழை. விண்டோஸ் அடிக்கக் கொடுக்க வேண்டாம்.